ஐந்தொகையில் ஏறாத வரவு

கெட்டவர் பிறவியிலேயே கெட்டவர் என்று சொல்லிவிடுவது நமக்கு வசதியாக இருக்கிறது. எங்கள் பங்காளிகளின் பொது வீட்டைப் பார்த்துக்கொண்ட, என் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) அண்ணன் முறையான பெரியப்பச்சியை முப்பது ஆண்டுகளாக அறிந்த எனக்கு அது சரியென்று தோன்றவில்லை.

1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தபின் அங்கு நடத்திய வட்டிக்கடைகளின் வரவு நின்றுபோன எத்தனையோ செட்டிநாட்டுக் குடும்பங்களைப் போல எங்களுக்கும் மிஞ்சியவை, தேக்குத் தூண்களும் ஆத்தங்குடிக் கல்லும் கொண்ட ஒரு வீடும், அதற்குப் பதினொரு பங்குகளும்தான். சாவி, ஊரிலேயே தங்கிவிட்ட பெரியப்பச்சியிடம் இருந்தது. வட்டிக்கடையில் எடுபிடியான பெட்டியடிப் பையனாகத் தொடங்கி, கடையை நடத்தும் மேலாளாக உயர்ந்தவரின் மகன் அவர். ஐந்தொகை, அதாவது வரவு செலவு இருப்புக் கணக்கு, நேராகாமல் உறங்கக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவர்.

முதல் முறை, ஒழுகும் கூரை ஓடுகளை மாற்றுவதற்காக, வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டிலிருந்த பித்தளை அண்டாக்கள் சிலவற்றை விற்றார்; வாங்கியவர், எடை, தொகை எல்லாம் குறிப்பேட்டில் இருந்தன. அடுத்த விற்பனைக்கு 'மராமத்து வகை' என்று ஒரே வரி. அதற்கடுத்த ஆண்டு பெல்ஜியம் கண்ணாடிகள் காரைக்குடிப் பழம்பொருள் கடைக்குப் போயின. ஏட்டில் ஒன்றுமே இல்லை.

இதில் எந்த நாளில் அவர் திருடரானார் என்று என்னால் சொல்ல முடியாது. அவராலும் முடியாது என்றே நினைக்கிறேன். ஆனால் அப்படியே இருந்துவிடுவதென்று அவர் முடிவெடுத்த நாளை நான் பார்த்தேன். முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்காகக் கூடியிருந்தபோது என் அப்பச்சி அவரைத் தனியே அழைத்து, "போனது போகட்டும் அண்ணே, இருப்பதை மட்டும் எழுதிக் கொடுங்கள்" என்றார். பணத்தைத் திருப்பித் தரும்படி கேட்கவில்லை, ஒரு தாள் போதும் என்றார். அதற்கு அவர், "ஓடு மாற்ற ஒரு பங்காளி பத்துக் காசு அனுப்பினானா?" என்று உள்முற்றமான வளவு முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

கொடுமை என்னவென்றால், அது உண்மை. (நாங்கள் பொங்கலுக்கு வந்து முகப்பில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனதோடு சரி.) முழுப் பொய்யைப் பிடித்துக்கொண்டு நெடுநாள் நிம்மதியாக இருப்பது கடினம், பாதி உண்மையைக் கையில் வைத்திருந்த அவருக்கோ, மனம் உறுத்தும்போதெல்லாம் எங்கள் கருமித்தனம் துணைக்கு வந்தது. அந்தத் தாளை எழுதியிருந்தால் அந்தத் துணை இல்லாமல் போயிருக்கும். அண்டா விற்ற நாள் முதல் தன் கணக்கைத் தானே பார்க்க வேண்டியிருந்திருக்கும். அதைவிட எங்களை வெறுப்பது அவருக்கு எளிதாக இருந்தது.

அதன்பின் அவர் எதையும் ஒளிக்கவில்லை. சென்ற ஆண்டு, இடிந்துபோன இரண்டாம் கட்டின் தூண்களைப் பட்டப்பகலில் லாரியில் ஏற்றினார்கள். அருகில் நின்று எண்ணிக்கொண்டிருந்தவர், நான் வருவதைப் பார்த்தும் எண்ணுவதை நிறுத்தவில்லை.