குழாய்க்கு ஓர் அருங்காட்சியகம்

டோக்கியோவுக்கு வருகிற உறவினர்களை எங்கே அழைத்துப் போவது என்று யாராவது கேட்டால் இனி என் பதில் ஒன்றுதான்: ஹோங்கோவில் இருக்கும் குடிநீர் வரலாற்று அருங்காட்சியகம். கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று தெரியும். என் அப்பாவே சுளித்தார். "இவ்வளவு செலவழித்து விமானம் ஏறி வந்தது தண்ணீர்க் குழாயைப் பார்க்கவா?" என்றார்.

நாங்கள் இருப்பது நிஷிகசாயில். ஓத்தேமாச்சியில் ரயில் மாறி, ஓச்சனோமிஸுவில் இறங்கி, கொஞ்சம் நடக்க வேண்டும். ஓச்சனோமிஸு என்றால் 'தேநீருக்கான தண்ணீர்'. அங்கிருந்த ஊற்று நீர் அந்தக் கால ஜப்பானை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனின் தேநீருக்குப் போனதாம். பக்கத்து ரயில் நிலையம் சுய்தோபாஷி, அதாவது குடிநீர்ப் பாலம். காண்டா ஆற்றின் மேலே நீரைக் கடத்திய மரத்தொட்டிப் பாலத்தால் வந்த பெயர். ஏழு வருடமாக இந்தப் பெயர்களைக் கடந்து வேலைக்குப் போகிறேன், ஒரு நாளும் காரணம் கேட்டதில்லை.

நுழைவுக் கட்டணம் கிடையாது. நடத்துவது டோக்கியோ பெருநகரக் குடிநீர்த் துறை. நேராக இரண்டாம் தளத்துக்குப் போய்விடுங்கள். டோக்கியோ எடோவாக இருந்த காலத்தின் மரக் குழாய்கள் அங்கேதான் இருக்கின்றன. மண்ணுக்கடியிலிருந்து தோண்டி எடுத்தவை. அப்பா முப்பது வருடம் மரவாடியில் கணக்கெழுதியவர். முகச் சுளிப்பு அங்கேயே போய்விட்டது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, இணைப்பு இணைப்பாகப் பார்த்தார். பலகைகள் சேரும் இடங்களில் மரப்பட்டை நாரைத் திணித்து நீர்க்கசிவை அடைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். "படகுக்குக் கலப்பற்றுப் பார்ப்பது மாதிரி" என்றார். அந்தச் சொல்லை நான் கேட்டு இருபது வருடம் இருக்கும்.

இந்தக் குழாய்களுக்கு நீர் கொண்டுவந்த கால்வாய்களில் பெரியது தமாகவா. 1653இல் வெட்டியது. ஹமுராவிலிருந்து யோட்சுயா வரை 43 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்துக்கும் மொத்தச் சரிவு 92 மீட்டர்தான். கிலோமீட்டருக்கு இரண்டு மீட்டர் சொச்சம்! எங்கேயாவது மட்டம் தவறியிருந்தால் தண்ணீர் அங்கேயே நின்றிருக்கும். எட்டே மாதத்தில், மண்வெட்டியை வைத்துக்கொண்டு முடித்திருக்கிறார்கள். வேலையை எடுத்த அண்ணன் தம்பி இருவரும் அரசு கொடுத்த பணம் தீர்ந்துபோய்ச் சொந்த வீட்டையே விற்றதாக ஒரு கதை உண்டு. பிறகு அவர்களுக்குத் தமாகவா என்ற குடும்பப் பெயரே வழங்கப்பட்டது. ஒப்பந்ததாரர்கள் வீட்டை விற்று வேலையை முடித்த காலம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

நான் அதிக நேரம் நின்றது வரிசைக் குடியிருப்பின் கிணற்று மாதிரிக்கு முன்னால். பார்க்கக் கிணறு, உண்மையில் அது குழாயின் முனை. மண்ணுக்கடியில் ஓடிவரும் நீர் அடியில்லாத பீப்பாய்களை அடுக்கிய தொட்டியில் சேரும். மூங்கில் கழியில் வாளியைக் கட்டி இறைப்பார்கள். வருடத்துக்கு ஒரு முறை, ஏழாம் மாதம் ஏழாம் நாள், குடியிருப்பில் உள்ள அத்தனை பேரும் கூடி நீரை இறைத்துத் தொட்டியைக் கழுவுவார்கள். ஜப்பானியத்தில் இன்றும் ஊர்வம்புக்குக் 'கிணற்றடிக் கூட்டம்' என்றுதான் பெயர்.

'பிறந்ததும் குழாய்த் தண்ணீரில் குளித்தவன் நான்' என்பது எடோக்காரனின் பெருமைப் பேச்சு. அந்தக் காலத்திலேயே எல்லாம் இருந்தது என்று மார்தட்டும் வியாதி எல்லா ஊரிலும் இருக்கிறது போலும். ஆனால் எங்கள் ரயில் தினமும் கடக்கும் ஃபுககாவாப் பக்கத்தில் இந்தப் பெருமை செல்லாது. அந்தக் கிழக்குப் பகுதிக்குப் போன கால்வாய் 1722இல் கைவிடப்பட்டது. அதன் பிறகு படகில் வந்த தண்ணீரைத்தான் அங்கே காசு கொடுத்து வாங்கினார்கள். பழைய மரக் குழாய்கள் அழுகி நீர் கெட்டதும், 1886இல் காலரா உயிர்களைக் கொள்ளை கொண்டதும் சேர்ந்துதான் நவீனக் குடிநீர்த் திட்டத்துக்கு வழி திறந்தன. 1898இல் யோதோபாஷியில் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. இன்று மேற்கு ஷிஞ்சுகுவின் வானளாவிகள் நிற்பது அந்த இடத்தில்தான்.

முதல் தளத்தில் அந்தக் காலத்துத் தெருக்குழாய் ஒன்று. இரும்புத் தூணில் நாகம் போன்ற தலை, அதன் வாயிலிருந்து நீர் விழும். ஜப்பானியத்தில் குழாய்முனைக்குப் பெயர் 'ஜாகுச்சி', பாம்பின் வாய். இந்தத் தூணிலிருந்து வந்த சொல்தான் என்கிறார்கள்.

இன்று இந்த நகரின் குழாய்களில் கசிந்து வீணாவது 3 முதல் 4 சதவீதம்தான். இரவில் தெரு அடங்கிய பிறகு, ஆட்கள் ஒரு கம்பியின் ஒரு முனையைக் குழாயிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கசிவின் சத்தத்தைத் தேடிப் போகிறார்கள். 'தண்ணீரைச் சேமிப்போம்' என்று சுவரில் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. நாம் கட்டும் கட்டணம் எங்கே போகிறது, யார் ராத்திரி விழித்திருக்கிறார்கள் என்று கண்ணில் காட்டவேண்டும். ஒரு குடிநீர்த் துறை மக்களுக்குக் கொடுக்கும் ரசீதாகவே இந்தக் கட்டடத்தைப் பார்க்கிறேன்.

வந்த நாளிலிருந்து அப்பா எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடித்தார். அன்றிரவும் அடுப்பில் பாத்திரம் ஏறியது.

"இன்னுமா நம்பிக்கை வரவில்லை?" என்று கேட்டேன்.

"அவர்கள் குழாயைப் பார்த்தேன். உன் வீட்டுக் குழாயை யார் பார்த்தது?"