செவலை முகத்தில் ஒட்டின ரோஜா

எட்டு வயசுப் பிள்ளை யோசிச்சு யோசிச்சு வரைஞ்ச படத்து மேல, "பார்க்க அழகா இருக்கட்டும்"னு ரெடிமேட் ரோஜா ஸ்டிக்கரை ஒட்ட யார் உரிமை கொடுத்தது? எனக்கு இன்னும் வயிறு எரியுது.

கோடை லீவு விட்டாப் போதும், வேலூர்ல தெருவுக்குத் தெரு பேனர் முளைச்சிடும். டான்ஸ், அபாகஸ், ஹேண்ட்ரைட்டிங், கூடவே "கிரீட்டிங் கார்டு மேக்கிங்". அக்னி நட்சத்திரத்துல பிள்ளைங்களை வெளிய விட முடியாது, நம்ம ஊர் வெயிலைப் பத்தி நான் சொல்லணுமா என்ன. அதனால சத்துவாச்சாரியில வீட்டுக்குப் பக்கத்துல நடந்த ஒரு வகுப்புல அக்கா பொண்ணைச் சேர்த்தோம். யார் நடத்தினாங்கன்னு சொல்லப் போறதில்ல. நான் எட்டிப் பார்த்த வகுப்பு எல்லாத்துலயும் இதே கூத்துதான்.

கடைசி நாள் கண்காட்சிக்குப் பாப்பா ஒரு கார்டு பண்ணா. கோட்டை மதில், கீழ அகழித் தண்ணி, கரை மேல வரிசையா நாய்ங்க. நடுவுல எங்க தெரு செவலை, ஒரு காது கிழிஞ்சிருக்கும், அதுதான் மிஸ். மத்த நாய்ங்களுக்கு வாழ்த்து அட்டை செய்யச் சொல்லிக் கொடுக்குது. எவ்ளோ யோசிச்சிருக்கா பாருங்க. நாய்க்குக் கத்தரிக்கோல் பிடிக்க வராதுன்னு, பல்லால கிழிக்கற மாதிரி போட்டிருக்கா. அதனால அந்த நாய்ங்க பண்ற கார்டு ஓரமெல்லாம் பிசிறு பிசிறா இருக்கு. ஒரு நாய் முன்னங்காலால பேப்பரை அமுக்கிக்கினு மூக்கால மடிக்குது. ஓரத்துல ஒரு குட்டி, இங்க் பேட்ல காலை வெச்சு அச்சு குத்துது. அந்தக் கால் அச்சு அச்சு அசல் நாய்க் கால்தான்: நாலு விரல், கீழ பெருசா ஒரு மெத்தை. எங்க வாசல்ல சிமெண்ட் காயறதுக்குள்ள செவலை நடந்து போன தடம் அப்படியே நின்னு போச்சு. அதைக் குந்திப் பார்த்துட்டு வந்து, சுண்டுவிரல் நுனியையும் கட்டைவிரலையும் மையில தொட்டு வெச்சிருக்கா.

கார்டு முழுக்க நீலமும் மஞ்சளும்தான். ஏன்டி வேற கலரே இல்லையான்னு கேட்டேன். "நாய்க்கு சிவப்பு தெரியாது சித்தி. அதுங்க பண்ற கார்டு அதுங்களுக்குத் தெரிய வேணாமா?"ன்றா. உண்மைதான். நிறம் பிரிச்சுப் பார்க்கற கூம்பு செல் நம்ம கண்ணுல மூணு வகை, நாய்க்கு ரெண்டே வகை. நீலமும் மஞ்சளும் அதுக்குப் பிரிஞ்சு தெரியும், சிவப்பு ஏதோ மங்கின பழுப்பாத்தான் தெரியும். இதை அவ அப்பாகிட்ட கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சு வெச்சிருக்கா.

மிஸ் சொன்னது என்ன தெரியுமா? "நாய் எப்படிம்மா கிளாஸ் எடுக்கும்? மத்தவங்க கார்டோட செட் ஆகல." சொல்லிட்டு செவலை முகத்து மேல மினுமினுன்னு ஒரு சிவப்பு ரோஜாவை ஒட்டிட்டாங்க. வீட்டுக்கு வந்து நகத்தால மெதுவா உரிச்சுப் பார்த்தோம். தாளோட மேல் பரப்பு அப்படியே கூட வந்துடுச்சு. செவலைக்கு இப்ப காது இருக்கு, மூஞ்சி இல்ல. பாப்பா அழக்கூட இல்ல, கார்டைப் பைக்குள்ள வெச்சுட்டுப் போயிட்டா. அதுதான் எனக்குத் தாங்கல.

நாய் கிளாஸ் எடுக்காதாமே! தாய் நாய் போதைப்பொருளை மோப்பம் பிடிச்சுத் தேடறதைப் பார்த்து வளர்ந்த ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டிங்க, பார்க்காம வளர்ந்த குட்டிங்களை விட அந்த வேலையை நல்லா செஞ்சுதுன்னு 1997லயே தென்னாப்பிரிக்காவுல இருந்து ஆய்வு வந்திருக்கு. அந்தத் தாய் குட்டிக்குப் பதிலா தான் தேடிக் கொடுக்கல. தன் வேலையைச் செஞ்சுது, குட்டிங்க பார்த்துச்சு. இந்த வகுப்புங்கள்ல அதுகூட நடக்கல. பூ, இலை, பட்டாம்பூச்சி எல்லாம் முன்னாடியே வெட்டி பாக்கெட்ல போட்டு வந்துடுது. பிள்ளை வேலை, புள்ளி வெச்ச இடத்துல ஒட்டறது மட்டும். கண்காட்சி மேசையில அத்தனை கார்டும் ஒரே மாதிரி, பின்னாடி பேர் எழுதலைன்னா எது யாருதுன்னு பெத்தவங்களுக்கே தெரியாது.

சொல்லிக் கொடுக்க விஷயமா இல்ல? கெட்டி அட்டையில நார் ஒரே பக்கமா ஓடும். மடிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் லேசா வளைச்சுப் பார்த்தா, எந்தப் பக்கம் சுலபமா வளையுதோ அந்த வாக்குலதான் மடிக்கணும். மாத்தி மடிச்சா மடிப்புல வெடிச்சு வெள்ளை வெள்ளையாத் தெரியும். மை தீர்ந்த ரீஃபில்லை ஸ்கேல் பக்கத்துல வெச்சு ஒரு கோடு அழுத்தி இழுத்துட்டு மடிச்சா எட்டு வயசுக் கைக்கும் மடிப்பு நேரா வரும். பசையைக் கொட்டினா ஈரத்துல தாள் நெளியும், பழைய அட்டைத் துண்டால மெல்லிசா இழுத்துத் தடவணும். இதுல ஒண்ணு கூட அங்க யாரும் சொல்லல. அதுக்குப் பதிலா கை நிறைய கிளிட்டர். அந்த பிளாஸ்டிக் பொடிக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபர்லயே தடை கொண்டு வந்தாச்சு. இங்க பிள்ளைங்க தலையில, தட்டுல, தலையணையில எல்லாம் மின்னிக்கினு இருக்கு.

நான் போய்க் கேட்டேன். மிஸ் ஒளிக்காம சொன்னாங்க: "நீட்டா இருந்தாத்தான் மேடம் பேரன்ட்ஸ் அடுத்த வருஷம் சேர்க்கறாங்க. ஸ்டேட்டஸ் வைக்கணுமில்ல." அப்ப என் கோபம் பாதி நம்ம பக்கம் திரும்பிடுச்சு. பிள்ளை கோணலா வெட்டினா நமக்கு வெக்கமா இருக்கு. பக்கத்து வீட்டுப் பிள்ளை கார்டு கடையில வாங்கினது மாதிரி இருந்தா நமக்குப் பொறாமை. கடையில வாங்கினது மாதிரி வேணும்னா கடையிலயே வாங்குங்களேன்! பொங்கலுக்கு அட்டையில கரும்பும் பானையும் நாமளே வரைஞ்சு மாமா வீட்டுக்குத் தபால்ல போட்டவங்கதானே நாமெல்லாம்? பானை கோணலா இருக்குன்னு எந்த மாமா திருப்பி அனுப்பினாரு?

மிஸ்ங்களுக்குச் சொல்றேன். பிள்ளை வரைஞ்சது மேல கை வைக்காதீங்க. பிடிக்கலைன்னா விட்டுடுங்க, கண்காட்சியில வைக்க வேணாம், மூஞ்சியை மூடாதீங்க. பெத்தவங்களே, பணம் கட்டறதுக்கு முன்னாடி கத்தரிக்கோல் யார் கையில இருக்கும்னு கேளுங்க. "எல்லாம் நாங்களே வெட்டிக் கொடுத்துடுவோம், பிள்ளைக்குக் கஷ்டமே இல்ல"ன்னு பதில் வந்தா எழுந்து வந்துடுங்க. அந்தப் பணத்துல லாங் பஜார் போய் சார்ட் அட்டையும் முனை மழுங்கின கத்தரிக்கோலும் வாங்கி, ஹால்ல பாய் விரிச்சு பிள்ளைங்களை உட்கார வெச்சுடுங்க. குப்பையானா பெருக்கிக்கலாம்.