கை காலியாக இருந்தால் போதுமா?

சனிக்கிழமை நான் சென்ற காரை ஓட்டியவர், ஓட்டிக்கொண்டே போனில் பேசினார்; அங்கே நடந்ததை இங்கே பலரும் அறிவீர்கள். அவர் தம் தரப்பை எழுதிவிட்டார். அதன் கீழே என்னைப் பயந்தாங்கொள்ளி என்றும் ஊருக்கு உபதேசம் செய்பவள் என்றும் பலர் எழுதியிருக்கிறீர்கள். வண்டியை நிறுத்திவிட்டுப் பேசுங்கள் என்று கேட்டதற்கு இவ்வளவு ஏச்சு கிடைக்கும் என நான் நினைக்கவில்லை.

அவருடைய வாதம் ஒன்றுதான்: போன் கையில் இல்லை, காதில் புளூடூத் இருந்தது, இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன, ஆகவே தவறில்லை. கை எங்கே இருந்தது என்று நான் கேட்கவே இல்லை. கவனம் எங்கே இருந்தது என்றுதான் கேட்டேன். பேச்சில் பணத் தகராறு வந்ததும் அவர் குரல் உயர்ந்தது, அவர் அறியாமலே வண்டியின் வேகமும் கூடியது. முன்னால் சென்ற லாரியின் பிரேக் விளக்கு எரிந்தது பின்னிருக்கையில் இருந்த என் கண்ணில் பட்டது. சாலையை நேராகப் பார்த்துக்கொண்டிருந்த அவர் கண்ணில் படவில்லை. நான் கத்திய பிறகே பிரேக்கை மிதித்தார். இருக்கையில் கிடந்த தண்ணீர் பாட்டில் உருண்டு விழுந்து என் காலில் இடித்தது. அவரோ, "ஒண்ணுமில்லை, நீங்க சொல்லுங்க" என்று போனில் பேச்சைத் தொடர்ந்தார்.

இது என் பயம் மட்டுமன்று. ரெடல்மையர், திப்ஷிரானி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வு, போனில் பேசும் நேரத்தில் விபத்துக்கான வாய்ப்பு ஏறத்தாழ 4 மடங்காகிறது என்றது. கையில் பிடிக்காமல் பேசுவதால் ஆபத்து குறைந்ததாக அதில் தெரியவில்லை. கண் திறந்திருக்கும், எதிரே இருப்பது மனத்தில் பதியாது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் கடந்துவிடுகிறது.

பக்கத்தில் இருப்பவரோடு பேசுவதில்லையா என்று கேட்கிறீர்கள். அவருக்கும் சாலை தெரிகிறது; குறுக்கே ஒருவர் வந்தால் அவரே பேச்சை நிறுத்துவார். போனின் மறுமுனையில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது, அவர் பதிலுக்குக் காத்திருப்பார். வழி பார்க்க மேப் வேண்டுமென்றால் புறப்படும் முன்பே போட்டு, குரலைக் கேட்டு ஓட்டலாம். அவசரம் என்றால்? அவசரமான செய்தியை ஓடும் வண்டியில் கேட்பதைவிட ஆபத்து வேறென்ன இருக்கிறது?

வண்டி ஓட்டிப் பிழைப்பவர்களின் நிலை எனக்குத் தெரியாது என்று ஒருவர் எழுதியிருந்தார். அதுதான் என்னை மிகவும் புண்படுத்தியது. என் அப்பா வேன் ஓட்டித்தான் எங்களை வளர்த்தார். எங்கே இருக்கிறாய், எப்போது வருவாய் என்று முதலாளி ஓயாமல் கூப்பிடுவார். அப்பா இடம் பார்த்து ஓரங்கட்டி, இஞ்சினை அணைத்த பிறகே போனை எடுப்பார். அதற்குள் மணி ஓய்ந்துவிட்டால் திருப்பிக் கூப்பிட்டு, உடனே எடுக்காததற்குத் திட்டும் வாங்குவார். அவரையும் பயந்தாங்கொள்ளி என்பீர்களா?

இப்போது யோசித்தால் ஓட்டுபவரை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை என்றே தோன்றுகிறது. வண்டியில் இருக்கிறார் என்று தெரிந்தும், "ஒரு நிமிஷம்தான்" என்று பேச்சை இழுப்பவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. உடனே எடுக்காவிட்டால் முகம் சுளிக்கும் உறவினரும், எடுக்கும்வரை விடாமல் போன் அடிக்கும் மேலாளரும் சேர்ந்துதான் அந்தக் கவனத்தைச் சாலையிலிருந்து பிடுங்குகிறார்கள்.

ஆகவே என்னோடு பேசும்போது வண்டிச் சத்தம் கேட்டால், ஓட்டுவது நீங்கள்தானா என்று கேட்பேன். ஆம் என்றால் இணைப்பைத் துண்டித்துவிடுவேன். கோபித்துக்கொள்ளாமல், வண்டியை நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள். எவ்வளவு நேரமானாலும் எடுப்பேன்.