படுத்துக் கிடந்த மரங்கள்

என் அண்ணன் மகளுக்கு ஏழு வயது. போன மாதம் வேலூர்க் கோட்டையை வரைந்தாள். நடுவில் கோட்டை, சுற்றிலும் அகழி, அகழிக் கரை நெடுக மரங்கள். மேல்பக்கத்து மரங்கள் நிமிர்ந்து நின்றன. இடமும் வலமும் இருந்தவை படுத்துக் கிடந்தன. கீழ்க்கரையில் இருந்தவை தலைகீழ். பள்ளியில் சிவப்பு மையால் குறுக்கே அடித்து, ‘பெர்ஸ்பெக்டிவ் தப்பு’ என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். அதாவது, கிட்டே இருப்பது பெரிதாக, தூரத்தில் இருப்பது சிறிதாக, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வரையவில்லையாம். இரண்டு வாரம் அவள் பென்சிலைத் தொடவில்லை. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அந்தப் படத்தில் என்ன தப்பு? அகழியைச் சுற்றி நடந்து பாருங்கள். எந்தக் கரையில் நின்றாலும் மரம் நமக்கு நேரே நிமிர்ந்துதான் நிற்கும். குழந்தை சுற்றி வந்து பார்த்ததை எல்லாம் ஒரே தாளில் வைத்திருக்கிறாள். போளூர் அருகே திருமலை சமணக் கோயிலில் சமவசரணத்தை, அதாவது தீர்த்தங்கரர் உபதேசம் செய்யும் சபையை, சக்கரம் போல வட்டமாகத் தீட்டியிருக்கிறார்கள். 1989 வரை அந்த ஊரும் நம் வட ஆற்காடு மாவட்டம்தான். அதை வரைந்தவருக்கு யார் சிவப்பு மை போடுவது?

பெர்ஸ்பெக்டிவ் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. அது அற்புதமான விஷயம். இத்தாலியில் ஆல்பர்ட்டி என்ற கட்டடக் கலைஞர் 1435-இல் எழுதி வைத்த முறை அது. ஓரிடத்தில் அசையாமல் நின்று, ஒற்றைக் கண்ணால் பார்த்தால் உலகம் எப்படித் தெரியுமோ அதற்கான கணக்கு. அதைப் பார்க்கும் முறைகளில் ஒன்றாகச் சொல்லிக்கொடுங்கள், சரி தப்பு பார்க்கும் அளவுகோலாக வேண்டாம். அதுவும் ஒன்பது பத்து வயதுக்கு அப்புறம் போதும். கரும்பலகையில் புள்ளி வைத்து ஸ்கேலால் கோடு இழுப்பதற்கு முன்னால் வெளியே கூட்டிப்போங்கள்.

நான் அவளைக் காட்பாடி ஜங்ஷன் நடைமேம்பாலத்துக்குக் கூட்டிப்போனேன். காலடியில் தண்டவாளங்களுக்கு நடுவே ஐந்தரை அடி இடைவெளி. தூரத்தில் அவை நெருங்கி நெருங்கி ஒட்டிக்கொண்டன. “அங்க போனா ரயில் கவுந்துடாதா அத்தை?” என்று கேட்டாள். எந்தப் பாடப்புத்தகமும் இந்தக் கேள்வியைக் கேட்க வைக்காது. அப்புறம் கோட்டைக் கோயில் கல்யாண மண்டபத்தில் உட்காரச் சொன்னேன், பிறகு எழுந்து நிற்கச் சொன்னேன். கண் மட்டம் ஏற ஏறத் தூண்வரிசை எப்படி மாறுகிறது என்று அவளே கண்டுபிடித்தாள். நான் வாயே திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஜன்னல் கண்ணாடியில், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வெளியே தெரிந்த வேப்பமரத்தை ஸ்கெட்ச் பேனாவால் அப்படியே வரைந்தாள். தலை கொஞ்சம் நகர்ந்தாலும் கோடு ஒரு பக்கம், மரம் ஒரு பக்கம். என்னைப் பார்க்கச் சொல்லி முன்னால் நிறுத்தினாள். நான் தலையைத் திருப்பியதும் இரண்டு கையாலும் என் தாடையைப் பிடித்துக்கொண்டாள். “ஆடாம நில்லு அத்தை. இங்கிருந்து பார்த்தாதான் இது சரியா வரும்.”