வராதவர்களைக் குறைசொல்வது எளிது

எட்டாத மலைகளிலும் தீவுகளிலும் வாழும் சிறுபான்மை இனத்தவரின் குழந்தைகளுக்கு மருத்துவம் ஏன் சென்று சேர்வதில்லை என்ற பேச்சு எழும்போதெல்லாம், "பெற்றோருக்கு விழிப்புணர்வு இல்லை" என்ற விடை தயாராக இருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. அறியாமை அறவே இல்லை என்று சொல்லவரவில்லை. ஆனால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கும் தாயையே திருப்பி அனுப்பும் ஏற்பாடுகளை வைத்துக்கொண்டு, வராத தாயைக் குறைசொல்லும் தகுதி நமக்கு இல்லை.

தட்டம்மைத் தடுப்பூசியையே எடுத்துக்கொள்வோம். பொடியாக வரும் அந்த மருந்தைக் கரைத்த பிறகு, குளிர்ச்சியில் வைத்திருந்தாலும் அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட்டு மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். பல நாடுகளில் ஒரு குப்பியில் 10 குழந்தைகளுக்கான மருந்து இருக்கும். சிறிய குடியிருப்பு ஒன்றில் 3 குழந்தைகள் மட்டுமே வந்திருக்கும்போது, குப்பியைத் திறப்பதா வேண்டாமா என்று சுகாதாரப் பணியாளர் தயங்குகிறார். 7 டோஸ் வீணானதற்கு அவர் மேலிடத்தில் கணக்குச் சொல்லியாக வேண்டும். 3 குழந்தைகளுக்கு ஊசி போடாமல் விட்டதற்கு அவரை யாரும் கேட்கப்போவதில்லை. எனவே, "அடுத்த முறை வாருங்கள்" என்கிறார். ஒரு நாள் கூலியை இழந்து, ஆற்றைக் கடந்து வந்தவள் அடுத்த முறை வராமல் போனால், தவணை தவறியவள் என்று பதிவேட்டில் ஏறுவது அவள்தான். ஒரே ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்க வேண்டும் என்றே உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 5 டோஸ் குப்பிகளும் கிடைக்கின்றன, டோஸ் ஒன்றுக்குச் சற்றுக் கூடுதல் விலையில். அந்தக் கூடுதல் விலையைத் தவிர்ப்பதைத்தான் நாம் சிக்கனம் என்று சொல்லிக்கொள்கிறோம்.

சாலையும் வண்டியும் இல்லாதது எல்லோருக்கும் தெரிந்த குறை. மருத்துவமனைக்குள் நுழைந்த பிறகு வரும் தடைகள் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நோயாளியின் மொழி தெரிந்தவர் அங்கே இல்லையென்றால், உடன் வந்த பள்ளி வயது அக்காளோ அண்ணனோதான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது. வலிப்பு எத்தனை நிமிடம் நீடித்தது, மலத்தில் இரத்தம் வந்ததா என்ற கேள்விகளையெல்லாம் ஒரு சிறுமியின் வாய்வழியாகக் கேட்டுத்தான் மருத்துவர் முடிவெடுக்கிறார். கனடாவின் கியூபெக் மாகாணத்தில், வடகோடியில் வாழும் இனுயிட் பழங்குடிக் குழந்தைகளை அவசரச் சிகிச்சைக்காக விமானத்தில் தெற்கே கொண்டுவரும்போது, பெற்றோரை உடன் ஏற்றாத வழக்கம் 2018 வரை இருந்தது. தாய்மொழி மட்டுமே அறிந்த குழந்தை, தன் மொழி அறியாத மருத்துவர்களின் முன் தனியாகக் கிடக்க, தாயோ தந்தையோ வேறு விமானம் பிடித்துப் பின்னால் வந்து சேர வேண்டியிருந்தது. குழந்தை மருத்துவர்களே இதை எதிர்த்துக் குரல் கொடுத்த பிறகுதான் அந்த வழக்கம் மாறியது.

அதே நாட்டின் மானிட்டோபா மாகாணத்தில், நார்வே ஹவுஸ் கிரீ என்னும் பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்த ஜோர்டன் ரிவர் ஆண்டர்சன் 1999இல் சிக்கலான உடல்குறைகளோடு பிறந்தான். 2 வயதில் அவனை மருத்துவமனையிலிருந்து அனுப்பலாம் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். வீட்டில் வைத்துப் பராமரிக்கும் செலவு யாருடையது என்று மத்திய அரசும் மாகாண அரசும் தகராறு செய்துகொண்டிருந்ததில், 2005இல், தன் 5 வயதில், ஒரு நாள்கூட வீட்டில் வாழாமல் மருத்துவமனையிலேயே இறந்தான். பழங்குடியல்லாத குழந்தையாக இருந்திருந்தால் இந்தப் பிணக்கே எழுந்திருக்காது. முதலில் சிகிச்சை, செலவுக் கணக்கு பிறகு என்னும் கொள்கையை நாடாளுமன்றம் 2007இல் அவன் பெயராலேயே ஏற்றது. ஆயினும், முதற்குடிகள் எனப்படும் இப்பழங்குடியினரின் குழந்தைகளுக்கு அரசு பாகுபாடு காட்டுகிறது என்று மனித உரிமைத் தீர்ப்பாயம் 2016இலும் சொல்ல வேண்டியிருந்தது. ஜோர்டனின் பெற்றோருக்கு எந்த விழிப்புணர்வு குறைந்திருந்தது என்று யாராவது சொல்ல முடியுமா?

மாற்று வழி தெரியாத காலமல்ல இது. அமெரிக்காவின் அலாஸ்காவில் காசநோய் பரவிய 1950களில் கிராமத்தவர்களையே மருந்து வழங்கப் பழக்கினார்கள். அந்த ஏற்பாட்டுக்கு 1968இல் கூட்டாட்சி அரசின் நிதி கிடைத்தது. இன்றும் அங்குள்ள தொலைதூரக் கிராமங்களில் முதலில் நாடியைப் பிடித்துப் பார்ப்பவர் அவ்வூர்க்காரர்தான். குழந்தையின் மொழியில் பேசுகிறார், மருத்துவரோடு தொடர்பில் இருக்கிறார், சம்பளமும் பெறுகிறார். பல நாடுகளில் இதே வேலையை உள்ளூர்ப் பெண்களிடம் 'சேவை' என்ற பெயரில் ஊக்கத்தொகைக்கு ஒப்படைத்துவிட்டு, அவர்கள் விலகும்போது சமூகம் ஒத்துழைக்கவில்லை என்று எழுதுகிறார்கள்.