இருபது கேமராவும் எரியாத ஒரு விளக்கும்

எங்கள் தெருவில் 32 வீடுகள். வாசலில் கேமரா மாட்டிய வீடுகள் 20. தெருக்கோடியில் எட்டு மாதமாக எரியாமல் கிடந்த விளக்கு ஒன்று. முதல் இரண்டு கணக்கும் எல்லாருக்கும் தெரியும். மூன்றாவது, இரண்டு வீடுகள் திருடு போன பிறகுதான் எங்கள் கண்ணில் பட்டது.

நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் கோபத்தில் எழுதுகிறேன். அந்தக் கோபத்தில் பாதி என் மேலேயேதான்.

முதல் திருட்டு கடைசி வீட்டில் நடந்தது. வீட்டில் எல்லாரும் வெளியூர் போயிருந்தார்கள். பின்பக்கச் சந்து வழியாக வந்து, சமையலறைக் கதவின் தாழ்ப்பாளை நெம்பி உள்ளே நுழைந்திருக்கிறார்கள். அன்று காலை எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மணி நேரத்தில் நூறு செய்திகள். ஆளாளுக்குத் துப்பறிந்தோம். ஒருவர் தன் வீட்டுக் கேமராவிலிருந்து ஒரு படத்தைப் போட்டார். முதுகில் பெரிய பையும் தலையில் ஹெல்மெட்டுமாக ஒரு பையன், கேட்டுக்கு மேலே எட்டிப் பார்க்கிறான். அதற்கு முந்தைய நாள் மதியம் எடுத்த படம். "இவன்தான், சந்தேகமே இல்லை" என்று ஒருவர் எழுதினார். நோட்டம் பார்க்க வந்தவன் என்று இன்னொருவர். நான் எதுவும் எழுதவில்லை. ஆனால் அந்தப் படத்தை வேறு மூன்று குழுக்களுக்கு அனுப்பினேன். எச்சரிக்கைக்காகத்தான் என்று அப்போது என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மூன்றாம் நாள் எதிர்வரிசை அக்கா ஒருவர் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இந்தத் தம்பி எனக்குப் பார்சல் கொண்டுவந்தவர் ஆச்சே. கதவு எண் தெரியாமல் அலைந்துகொண்டிருந்தார்" என்றார். அதற்குள் அடுத்த பகுதியில் நான்கு பேர் சேர்ந்து அந்தப் பையனை நிறுத்தி, பையைக் கொட்டச் சொல்லிச் சோதித்திருக்கிறார்கள். படம் அவர்களுக்கு எந்தக் குழு வழியாகப் போனது என்று தெரியாது. என் மூன்று குழுக்களில் ஒன்றாகவும் இருக்கலாம். அக்கா சொன்னதற்கு எங்கள் குழுவில் வந்த பதில்கள் இரண்டு. ஒன்று கட்டைவிரல் படம். இன்னொன்று, "எதற்கும் ஜாக்கிரதையாக இருப்பது நல்லதுதானே."

யாருக்கு நல்லது?

19-ஆம் நாள் கடைசி வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் திருட்டு. அதே சந்து, அதே மாதிரிப் பின்கதவு. இருபது கேமராக்களும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தன. திருடன் தெருப் பக்கம் வரவேயில்லை.

இதைத் துரதிர்ஷ்டம் என்று சொல்லிவிடலாம். ஆனால் குற்றவியல் படித்தவர்களுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. ஒருமுறை திருடு போன வீட்டுக்கும் அதன் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் அடுத்த சில வாரங்களில் ஆபத்து கூடுதல் என்பது பல நாடுகளின் காவல்துறைப் பதிவுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்த விஷயம். யோசித்துப் பாருங்கள், திருடனுக்கும் புது இடம் என்றால் பயம்தான். தெரிந்த இடத்தில் எந்தக் கதவு பலவீனம், எந்தப் பக்கம் நாய், எந்தச் சந்து எங்கே போய் முடிகிறது எல்லாம் அவனுக்குப் பாடம். பக்கத்து வீட்டையும் அதே மேஸ்திரி அதே வரைபடத்தில் கட்டியிருந்தால் அதுவும் தெரிந்த வீடுதான். போனமுறை தூக்க முடியாமல் விட்டுப்போனது இன்னும் அங்கே இருக்கும். போனதற்குப் பதிலாகப் புதிதாக வாங்கியதும் இருக்கும்.

இதை வைத்தே ஒரு பகுதியில் திருட்டைக் குறைத்துக் காட்டியிருக்கிறார்கள். இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கிர்க்கோல்ட் என்று ஒரு குடியிருப்பு, 1980-களின் பிற்பாதி. அங்கே வீடு புகுந்து திருடுவது மிக அதிகம். எல்லா வீட்டையும் காவல் காப்பது நடக்காத காரியம் என்பதால், ஏற்கெனவே திருடு போன வீடுகளில் கவனம் வைத்தார்கள். உடனடியாகப் பூட்டையும் கதவையும் பலப்படுத்தினார்கள். அந்த வீட்டைச் சுற்றியுள்ள ஆறேழு வீட்டுக்காரர்களிடம் மட்டும் "கொஞ்ச நாளைக்கு இந்த வீட்டின் மேல் ஒரு கண் வையுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள். காசு போட்டால் ஓடும் எரிவாயு, மின்சார மீட்டர்கள் பல வீடுகளில் இருந்தன. சில்லறைக்காக அவற்றை உடைப்பது வழக்கமாக இருந்ததால் அவற்றையும் அகற்றினார்கள். சில ஆண்டுகளில் அங்கே திருட்டு நான்கில் மூன்று பங்கு குறைந்தது.

எங்கள் தெருவுக்கு அந்த 19 நாட்கள் கையில் இருந்தன. அந்த நாட்களில் நாங்கள் என்ன செய்தோம்? பார்சல் பையனைத் தேடினோம். ஆறு கேமரா புதிதாக வாங்கினோம். பக்கத்து வீட்டுக்காரரிடம் "உங்கள் பின்கதவைப் பாருங்கள்" என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. நானும்தான்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எங்கள் குழுவில் இருண்டது எதுவோ அதை விட்டுவிட்டு, வெளிச்சத்தில் நடந்து போகிறவனைப் பேய் என்றோம்.

பயம் பொய் என்று நான் சொல்லவில்லை. வீடு திருடு போனவர்களுக்கு நடுராத்திரியில் கதவு அசைந்தாலே தூக்கிவாரிப் போடும். அந்தக் கடைசி வீட்டு அம்மா இன்றுவரை சமையலறையில் தனியாக நிற்பதில்லை. ஆனால் பயத்துக்கும் நிலவரத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதற்கு அமெரிக்காவின் கணக்கு ஒரு நல்ல உதாரணம். 1993-க்கும் 2022-க்கும் இடையில் அங்கே வன்முறைக் குற்ற விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. சொத்து தொடர்பான குற்றங்கள் அதைவிடவும் அதிகமாகக் குறைந்தன. அதே காலத்தில் காலப் நிறுவனம் எடுத்த 27 கருத்துக்கணிப்புகளில் 23-இல், நூற்றுக்கு அறுபது பேராவது "போன வருடத்தைவிட நாட்டில் குற்றம் கூடிவிட்டது" என்றே சொன்னார்கள். உங்கள் பகுதியில் எப்படி என்று கேட்டால், கூடிவிட்டது என்றவர்கள் குறைவு. அதாவது கண்ணால் பார்க்கும் இடத்தில் பயம் குறைவு, திரையில் பார்க்கும் இடத்தில் அதிகம். (2020-இல் அங்கே கொலைகள் ஒரே ஆண்டில் 30 சதவீதத்தை ஒட்டி உயர்ந்ததும் உண்மைதான். ஏறும்போதும் பயம், இறங்கும்போதும் அதே பயம் என்றால் அந்தப் பயத்தை அளவுகோலாக வைக்க முடியாது.)

நடுத்தர நகரத்துக்கென்று ஒரு சங்கடம் இருக்கிறது. பெருநகரத்தில் இருப்பதுபோலக் காவல்துறைக்கு ஆள்பலம் இருக்காது. சின்ன ஊரில் போல வருகிறவர் போகிறவர் எல்லாரையும் அடையாளம் தெரியவும் தெரியாது. புதுப்புது தெருக்கள் முளைக்கும், காவல் நிலையம் மட்டும் அதே இடத்தில் அதே எண்ணிக்கையில் இருக்கும். உடனே எல்லாரும் கேட்பது "ரோந்தைக் கூட்டுங்கள்" என்பதுதான். நானும் அந்த மனுவில் கையெழுத்துப் போட்டவன். பிறகுதான் படித்தேன். 1972-73-இல் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் 15 பகுதிகளைப் பிரித்து, சிலவற்றில் ரோந்தை நிறுத்தியும், சிலவற்றில் இரண்டு மூன்று மடங்காக்கியும், மற்றவற்றில் வழக்கம்போல விட்டும் பார்த்திருக்கிறார்கள். குற்றத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், ரோந்து கூடியதையும் குறைந்ததையும் குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் கவனிக்கவே இல்லை.

அதனால் காவல்துறையால் பயனில்லை என்று ஆகிவிடாது. வண்டி எங்கே நிற்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் குற்றவியல் ஆய்வாளர் லாரன்ஸ் ஷெர்மனும் அவருடைய கூட்டாளிகளும் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், காவல்துறைக்கு வந்த அழைப்புகளில் பாதி வெறும் 3 சதவீத முகவரிகளிலிருந்து வந்தது தெரிந்தது. "நம்ம ஏரியாவே கெட்டுப்போச்சு" என்கிறோமே, ஏரியா கெடுவதில்லை. நாலு மூலை கெட்டிருக்கும், அவ்வளவுதான். அந்த மூலைகளில் ரோந்து வண்டி ஒவ்வொரு முறையும் 10 முதல் 15 நிமிடம் நின்றுவிட்டுப் போனால், சும்மா கடந்து போவதைவிட அதன் பலன் அதிக நேரம் நிற்கிறது என்பதும் அந்த நகரத்திலேயே அளந்து பார்த்ததுதான்.

ஆனால் அந்த மூலை எது என்று காவல்துறைக்கு யார் சொல்வது? இங்கேதான் எனக்கு ரொம்ப வருத்தம். இரண்டாவதாகத் திருடு போன வீட்டுக்காரர் புகாரே கொடுக்கவில்லை. "போனது கொஞ்சம்தான். அலைச்சல் எதற்கு? எப்படியும் கிடைக்கப்போவதில்லை" என்றார். கிடைக்காது என்பதில் அவர் சொன்னது பெரும்பாலும் சரி. அமெரிக்காவில் 2019-இல் வீடு புகுந்த திருட்டுகளில் துலங்கியவை நூற்றுக்குச் சுமார் 14 தான். ஆனால் புகார் என்பது போன பொருளுக்காக மட்டும் கொடுப்பது இல்லை. அவர் கொடுக்காததால் நிலையத்துப் பதிவில் எங்கள் சந்தில் நடந்தது ஒரே ஒரு திருட்டு. ஒன்றை வைத்து யாரும் வண்டியை அங்கே நிறுத்த மாட்டார்கள். இரண்டு, அதுவும் 19 நாளில், அதுவும் அடுத்தடுத்த வீட்டில் என்றால் எந்த அதிகாரியும் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார்.

சரி, விளக்குக்கு வருகிறேன். நியூயார்க்கில் 2016-இல், சில அரசுக் குடியிருப்புகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து உயரக் கம்பங்களில் பிரகாசமான விளக்குகளை வைத்தார்கள். அங்கே இரவில் வெளியிடங்களில் நடக்கும் கடுமையான குற்றங்கள் சுமார் 36 சதவீதம் குறைந்ததாகக் கணக்கிட்டார்கள். இதைப் படித்ததும் சந்து முழுக்க விளக்குப் போடலாம் என்று குதித்தவன் நான்தான். அப்புறம் சிகாகோவின் கதை கண்ணில் பட்டது. அங்கே 1990-களின் இறுதியில் சந்துகளில் விளக்கை அதிகமாக்கியபோது பதிவான குற்றங்கள் குறையவில்லை, கூடின. வெளிச்சத்தில் குற்றங்கள் கண்ணில் பட்டு அதிகம் பதிவாகியிருக்கலாம். ஆனால் என் மனதுக்குப் படுவது வேறு. பார்க்க ஆள் இல்லாத சந்தில் விளக்கு எரிந்தால் திருடனுக்கும்தான் வெளிச்சம். எங்கள் சந்தில் ஒரு பக்கம் வீடுகளின் முதுகு, மறுபக்கம் புதர் மண்டிய காலி மனை. ஜன்னல்களெல்லாம் எட்டாத உயரத்தில் சின்னச் சின்னதாக இருக்கின்றன. அங்கே விளக்கு மட்டும் போதாது.

அந்தக் காலி மனைதான் எனக்கு இப்போது பெரிய கவலை. பிலடெல்பியாவில் இப்படிக் கிடந்த 541 மனைகளை எடுத்து, சிலவற்றைச் சுத்தம் செய்து புல் வளர்த்து, மரம் நட்டு, இடுப்பளவு மரவேலி போட்டார்கள். சிலவற்றை அப்படியே விட்டார்கள். ஏழைகள் அதிகம் வாழும் பகுதிகளில், சரிசெய்த மனைகளைச் சுற்றி துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது. 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். எந்த ஆளையும் பிடிக்கவில்லை, எவர் மேலும் சந்தேகப்படவில்லை. புதர் போனால் ஒளிந்துகொள்ள இடம் இல்லை, சுத்தமான இடத்தில் மனிதர்கள் வந்து உட்காருவார்கள்.

எங்கள் மனை உரிமையாளர் வேறு ஊரில் இருக்கிறார். தொலைபேசியில் பேசினால் "பார்க்கிறேன்" என்கிறார். அவர் பார்ப்பதற்குள் புதர் மரமாகிவிடும்.

"பட்டணத்தில் பக்கத்து வீட்டில் கொலையே விழுந்தாலும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்" என்று பலரும் சொல்வதுண்டு. இந்த நம்பிக்கைக்கு உலகம் முழுக்க எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டது 1964-இல் நியூயார்க்கில் நடந்த கிட்டி ஜெனோவீஸ் கொலை. 38 பேர் பார்த்தும் யாரும் அசையவில்லை என்று பத்திரிகையில் வந்தது, பாடப்புத்தகம்வரை போனது. அது பெரிதும் ஊதிப்பெருக்கப்பட்ட செய்தி. தெளிவாகப் பார்த்தவர்கள் மிகச் சிலர், ஒருவர் ஜன்னலிலிருந்து கத்திக் கொலைகாரனை விரட்டியிருக்கிறார், ஒரு பெண் இறங்கி ஓடி வந்து கிட்டியைக் கைகளில் தாங்கியிருக்கிறார். அந்தச் செய்தியை வெளியிட்ட நியூயார்க் டைம்ஸே 2016-இல் அதில் பிழை இருந்ததை ஒப்புக்கொண்டது. மனிதர்கள் அவ்வளவு மோசமில்லை. யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடுகிறோம், அதுதான் நம் வியாதி.

சிகாகோவில் சமூகவியல் ஆய்வாளர் ராபர்ட் சாம்ப்சன் குழு எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு 1997-இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் தொடுகிறது. தெருவில் பிள்ளைகள் சுவரில் கிறுக்கினால், பள்ளி நேரத்தில் சுற்றினால், அக்கம்பக்கத்தவர் யாராவது கேட்பார்களா என்பதும் அவர்கள் கேட்ட கேள்விகளில் ஒன்று. கேட்பார்கள் என்று நம்பிய பகுதிகளில், அதே அளவு வறுமை இருந்தபோதும், வன்முறை குறைவாக இருந்தது. ஒருவர் வீட்டுக்கு ஒருவர் விருந்துக்குப் போகும் அளவு நெருக்கம் வேண்டியதில்லை. "என்ன தம்பி, யாரைத் தேடுறீங்க?" என்று கேட்கும் அளவு போதும். அந்தப் பார்சல் பையனிடம் அன்று மதியம் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தால் அவனுக்குக் கதவு எண் கிடைத்திருக்கும். திருடனாக இருந்திருந்தால், தன்னை ஒருவர் முகத்துக்கு நேராகப் பார்த்துவிட்டார் என்று தெரிந்திருக்கும். நாங்கள் படம் பிடித்தோம், பேசவில்லை.

கேமராவே வேண்டாம் என்று சொல்கிறேனா? இல்லை. நாற்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் பார்த்தபோது கேமரா உள்ள இடங்களில் குற்றம் சராசரியாக 13 சதவீதம் குறைந்திருந்தது, வண்டி நிறுத்துமிடங்களில் அதைவிட நல்ல பலன். என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. அது என் செருப்பையும் தெருநாயையும் நன்றாகவே கண்காணிக்கிறது.

தெருக்கோடி விளக்கு போன மாதம் மறுபடி எரியத் தொடங்கியது. மூலை வீட்டுப் பெரியவர் நகராட்சி அலுவலகத்துக்கு ஐந்து முறை நடந்தார், ஒவ்வொரு முறையும் மனுவின் நகலை வாங்கி வைத்துக்கொண்டார். குழுவில் அதற்கு நான்கு கட்டைவிரல்கள். இரண்டாவது வீட்டுக்காரரை நானும் எதிர்வரிசை அக்காவும் போய்ப் பேசிப் புகார் கொடுக்க வைத்தோம், தாமதமாகத்தான். அந்தப் பையன் வேலை செய்த நிறுவனத்தில் விசாரித்தேன். அவன் இப்போது இந்தப் பகுதிக்கு வருவதில்லையாம். மன்னிப்புக் கேட்க ஆள் கிடைக்கவில்லை. அந்த மூன்று குழுக்களிலும் "நான் அனுப்பிய படம் தவறு" என்று எழுதினேன். ஒரு குழுவில் ஒருவர் "எந்தப் படம்?" என்று கேட்டார்.

இதையெல்லாம் எழுதிவிட்டு எழுந்து போய் என் வீட்டுப் பின்கதவைப் பார்த்தேன். தாழ்ப்பாளில் இரண்டு திருகாணி கழன்று ஆடுகிறது. நாளை காலை முதல் வேலையாகத் தச்சரைக் கூப்பிட வேண்டும்.