எட்யூட் எண் கடின வரிசை அல்ல

இசையமைப்பாளர் ஷோப்பினின் பியானோ எட்யூட்கள் (பயிற்சி இசைத் துண்டுகள்) எண் ஏற ஏறக் கடினமாகும், ஆகவே ஓபஸ் 10 என்ற தொகுப்பில் முதலாவதைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்று இங்கே ஒரு தகவல் சுற்றுகிறது. திருகோணமலையில் பிள்ளைகளுக்குப் பியானோ பழக்கும் பெற்றோரும் இதைப் பகிர்வதால் சொல்கிறேன்: அப்படி இல்லை.

1833இல் வெளிவந்த அந்தத் தொகுப்பில் முதல் இரண்டும் மிகக் கடினமானவற்றில் சேர்த்தி. முதலாவதில் வலக்கை பத்துச் சுர அகலத்துக்கு விரிந்து ஓட வேண்டும், மெட்ரோனோம் (வேகக்) குறி நிமிடத்துக்கு 176 தட்டு. இரண்டாவதில் குரோமட்டிக் ஓட்டம் (அரைச் சுரம் அரைச் சுரமாக நகர்வது) முழுக்க நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் தலையில். ஆறாவதோ அண்டான்டே, அதாவது நிதானமான நடை.

காப்புரிமை முடிந்த பழைய பதிப்புகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இந்த மூன்றின் முதல் பக்கங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். பலர் ஒன்பதாவதில் தொடங்குவதுண்டு. ஆனால் இடக்கை விரியாத பிள்ளைக்கு அதுவும் பெரும் பாடுதான்.